வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டியவை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனின் திருப்பெயரால் தொடங்குகின்றோம்.

 

செயலாளர் ஆண்டறிக்கையை வாசித்தார். பொருளாளர் வரவு செலவுக் கணக்கை ஒப்படைத்தார். அவற்றைத் தொடர்ந்து, வேட்பாளர்கள் சமயத்தையும் அரசையும் எவ்வாறு நோக்குகின்றனர் என்பது பற்றி உரையாற்றுமாறு நிர்வாகக் குழு பணித்திருக்கின்றது. இது அரசியல் மேடையன்று. எந்தக் கட்சியையும் உயர்த்தவோ தாழ்த்தவோ நாம் இங்குக் கூடவில்லை. ஆயினும், நாடாளுமன்றம், சட்டமன்றம், மாநகராட்சி, ஊராட்சி என்று தேர்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வேட்பாளர்கள் நம் பள்ளிவாசல் தெருவுக்கு வருகின்றார்கள். ரமளான் மாதமாயின் தொப்பியணிந்து நோன்புக் கஞ்சி அருந்துகின்றார்கள். அதே நாள் காலையில் கோயில் வாசலில் பரிவட்டம் கட்டிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்பார்கள். இவற்றை நாம் குறை கூறவில்லை. வீடு தேடி வருவோரை வரவேற்பது நம் பண்பாடு. ஆனால், வந்தவரிடம் நாம் என்ன கேட்கின்றோம் என்பதுதான் எண்ணிப் பார்க்கத் தக்கது.

"எங்கள் சமயத்திற்கு என்ன தருவீர்கள்?" என்பதே பெரும்பாலும் நம் ஊர்களில் எழும் கேள்வி. "அரசை எச்சமயத்தின் பக்கமும் சாயாமல் காப்பீர்களா?" என்பதே எழ வேண்டிய கேள்வி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பிரித்துவைத்தல் என்பதன் பொருள்

சமயத்தையும் அரசையும் பிரித்துவைத்தல் எல்லா நாடுகளிலும் ஒரே வடிவில் அமையவில்லை. அமெரிக்காவில் 1791இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் முதல் திருத்தம், அரசு ஒரு சமயத்தை நிறுவுவதையும், சமயத்தைப் பின்பற்றும் உரிமையில் குறுக்கிடுவதையும் தடுத்தது. பிரான்சு 1905இல் இயற்றிய சட்டத்தின் வாயிலாகத் தேவாலயத்தையும் அரசையும் பிரித்தது. இந்தியாவின் வழி வேறு. நம் அரசமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றின் உரிமையை அனைவருக்கும் வழங்குகின்றது. 26ஆம் பிரிவு சமயப் பிரிவினர் தம் சமயக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ள இடமளிக்கின்றது. ஒரு குறிப்பிட்ட சமயத்தை வளர்ப்பதற்கென வரி செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது 27ஆம் பிரிவு. முழுவதும் அரசுப் பணத்தில் நடைபெறும் கல்வி நிலையங்களில் சமயப் போதனை கூடாது என்கிறது 28ஆம் பிரிவு.

அதே அரசமைப்பின் 290அ பிரிவோ, திருவிதாங்கூரிலிருந்து நம் மாநிலத்திற்கு வந்த கோயில்களுக்கென ஆண்டுதோறும் பதின்மூன்றரை இலட்சம் ரூபாயைத் தமிழ்நாடு அரசு வழங்க வேண்டும் என்கின்றது. கன்னியாகுமரிப் பகுதி 1956இல் நம்மோடு இணைந்தபோது ஏற்பட்ட பொறுப்பு அது. ஆகவே, நம் நாட்டில் அரசுக்கும் சமயத்திற்கும் இடையே பெருஞ்சுவர் எழுப்பப்படவில்லை. ஓர் எல்லைக்கோடு இடப்பட்டிருக்கின்றது. எல்லா சமயங்களிடமிருந்தும் ஒரே தொலைவில் நிற்பதே அரசுக்கு அழகு என்பது அக்கோட்டின் பொருள்.

நம் மதுரையைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் வேளைக்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படுவதுண்டு. இலட்சக்கணக்கானோர் கூடுவதால் காவல் துறையும் மாநகராட்சியும் மருத்துவத் துறையும் இரவு பகலாகப் பணியாற்றுகின்றன. பெருநாள் தொழுகையின்போது நமக்காகவும் போக்குவரத்து மாற்றிவிடப்படுகின்றது. இவையெல்லாம் மக்களுக்குச் செய்யும் பணி. இதில் எவருக்கும் மனக்குறை இருக்கத் தேவையில்லை. மக்களின் வழிபாட்டிற்கு வழிவிடுவது அரசின் கடமை. தானே ஒரு சமயத்தின் சார்பாளராக நிற்பது அரசின் கடமையன்று.

"சமயச்சார்பற்ற" என்னும் சொல்லை முகப்புரையில் சேர்த்தது 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம். அதனால் அது பின்னர் ஒட்டப்பட்ட சொல்தானே என்று சிலர் வாதிடுகின்றனர். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே.டி.ஷா அச்சொல்லை அரசமைப்பில் சேர்க்குமாறு கோரியதும், அம்பேத்கர் அதனை ஏற்காததும் வரலாறு. ஆயினும் சொல் இல்லாதிருந்த காலத்திலும் மேற்கண்ட பிரிவுகள் இருந்தன. 1994இல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, சமயச்சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கூறு என்று உரைத்தது. முகப்புரையிலிருந்து அச்சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

வேட்பாளருக்குச் சட்டம் இடும் வரம்பு

வேட்புமனு அளித்த ஒவ்வொருவரும் தேர்தல் அதிகாரியின் முன்னிலையில் உறுதிமொழி எடுத்தல் வேண்டும். கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டும் சட்டத்தின் முன் சமம். நம்பிக்கையாளருக்கும் நம்பிக்கையற்றவருக்கும் அரசமைப்பு ஒரே வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றது.

அந்த வாயிலைக் கடந்தபின் ஒரு வரம்பு உண்டு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவில், சமயம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்பதை முறைகேடாக அறிவிக்கின்றது. முறைகேடு மெய்ப்பிக்கப்பட்டால் வெற்றி செல்லாது. இச்சட்டம் எவர் மீதெல்லாம் பாய்ந்திருக்கின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

1972ஆம் ஆண்டு மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலில் மும்பையின் கும்பார்வாடா தொகுதியில் முஸ்லிம் லீக் சார்பில் ஜியாவுத்தீன் புகாரி வென்றார். எதிர்த்து நின்ற சாக்ளாவும் முஸ்லிமே. அவர் உண்மையான முஸ்லிம் அல்லர் என்னும் கருத்திலும், தமக்கு வாக்களியாதோர் இறைவனின் சினத்திற்கு ஆளாவர் என்னும் கருத்திலும் புகாரி பேசியதாக வழக்குத் தொடரப்பட்டது. உயர்நீதிமன்றம் வெற்றியை இரத்துச் செய்தது. 1975இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது.

அதே மும்பையில், விலே பார்லே தொகுதியில் 1987இல் நடந்த இடைத்தேர்தலில் ரமேஷ் பிரபு வென்றார். அவருக்காகப் பால் தாக்கரே ஆற்றிய உரைகள் இந்து சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்டவை என்று கூறி, அவ்வெற்றி செல்லாது என்ற தீர்ப்பை 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தாக்கரேயும் ஆறாண்டுகளுக்கு வாக்குரிமையை இழந்தார். ஒரே சட்டம் இருபுறமும் வெட்டிற்று என்பதற்கு இவ்விரு வழக்குகளும் சான்று.

வேட்பாளரின் சமயத்தைச் சொல்லிக் கேட்பது மட்டுமே குற்றமா, வாக்காளரின் சமயத்தைச் சொல்லிக் கேட்பதும் குற்றமா என்ற ஐயம் நீண்டகாலம் இருந்தது. 2017 சனவரி 2 அன்று அபிராம் சிங் வழக்கில் எழுவர் அமர்வு, நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில், வாக்காளரின் சமயமும் இதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. "நீங்கள் முஸ்லிம்கள், ஆகவே எனக்கு வாக்களியுங்கள்" என்று எந்தச் சமயத்தவர் வந்து கேட்டாலும் அது முறைகேடுதான். சிறுபான்மையினர் தங்கள் குறைகளைத் தேர்தல் களத்தில் எடுத்துரைப்பதையே இது தடுத்துவிடுமே என்னும் கவலையை மாறுபட்ட மூவர் தெரிவித்தனர். அக்கவலை பொருளற்றதன்று. ஆயினும் நமக்கு இழைக்கப்படும் அநீதியை எடுத்துரைப்பது வேறு, சமயத்தைக் காட்டி வாக்குக் கேட்பது வேறு என்ற தெளிவு நம்மிடம் இருத்தல் வேண்டும்.

கட்சிகள் சொல்வதும் செய்வதும்

2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் மதுரைத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் சு.வெங்கடேசன், பாரதிய ஜனதா கட்சியின் இராம.சீனிவாசன், அண்ணா தி.மு.க.வின் டாக்டர் பா.சரவணன் ஆகியோர் முதன்மை வேட்பாளர்களாக நின்றனர். வெங்கடேசன் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். மூவரின் கட்சிகளும் இப்பொருளில் மூன்று வேறு நிலைகளில் நின்றன.

சமயத்தை அரசிலிருந்தும் அரசியலிலிருந்தும் பிரித்துவைத்தலைக் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கும் கட்சி மார்க்சிஸ்ட் கட்சி. 2023 மே 28 அன்று, மதுரை ஆதீனம் உள்ளிட்ட தமிழ்நாட்டு ஆதீனங்களின் முன்னிலையில் புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல் நிறுவப்பட்டது. செங்கோல் முடியாட்சியின் சின்னம் என்றும், மக்களாட்சியின் மன்றத்தில் அதற்கு இடமில்லை என்றும் வெங்கடேசன் மறு ஆண்டு மக்களவையில் வாதிட்டார். செங்கோலைத் தமிழ் மரபின் பெருமையாகக் கொண்டாடியோரும் நம் நகரில் பலர்.

பாரதிய ஜனதா கட்சி, பிற கட்சிகள் பேசுவது போலி மதச்சார்பின்மை என்றும், அனைவருக்கும் ஒரே சட்டமே உண்மையான சமநிலை என்றும் வாதிடுகின்றது. 2024 தேர்தல் அறிக்கையில் பொது சிவில் சட்டத்தை அது வாக்களித்தது. தமிழ்நாட்டுக் கோயில்களை அரசின் பிடியிலிருந்து விடுவித்து, இந்துச் சான்றோரும் துறவியரும் அடங்கிய தனி வாரியத்திடம் ஒப்படைப்பதாக 2021 சட்டமன்றத் தேர்தலில் அறிவித்தது.

அண்ணா தி.மு.க. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு மாநிலங்களவையில் ஆதரவாக வாக்களித்தது. குடியுரிமைக்குச் சமயத்தை அளவுகோலாக்கிய சட்டம் அது. 2021இல் அதே கட்சி, அச்சட்டத்தைத் திரும்பப் பெறுமாறு நடுவணரசை வலியுறுத்துவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதிற்று. அறிக்கையை மட்டும் படிப்போர் அதன் வாக்குப் பதிவை அறியார்.

மார்க்சிஸ்ட் கட்சி அங்கம் வகித்த கூட்டணிக்குத் தலைமை தாங்கிய தி.மு.க.வையும் இதே அளவுகோலால் அளத்தல் வேண்டும். அண்ணாவின் ஆட்சி 1968இல், அரசு அலுவலகங்களில் கடவுளர் படங்களை வைத்தல் ஆகாது என்று உத்தரவிட்டது. அவ்வழி வந்த கட்சி 2021 தேர்தல் அறிக்கையில், இந்துக் கோயில்களின் திருப்பணிக்கு ஆயிரம் கோடியும், பள்ளிவாசல்கள், தேவாலயங்களின் சீரமைப்புக்கு இருநூறு கோடியும் ஒதுக்குவதாகக் கூறியது. 2024 ஆகஸ்டில் பழநியில் அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாட்டை அறநிலையத் துறையே நடத்தியது. அம்மாநாட்டின் தீர்மானங்களைத் தோழமைக் கட்சியான மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் கே.பாலகிருஷ்ணன் வெளிப்படையாகக் குறை கூறினார். தோழமையைக் காட்டிலும் கொள்கையை மேலாகக் கருதிப் பேசும் குரல்கள் அரிதாயினும் உள்ளன என்பது ஆறுதல்.

அடுத்த ஆண்டு, 2025 சூன் 22 அன்று, நம் மதுரையிலேயே இந்து முன்னணி முருக பக்தர்கள் மாநாட்டை நடத்தியது. அரசியல் பேசலாகாது என்னும் நிபந்தனை நீதிமன்றத்தால் விதிக்கப்பட்டிருந்தும், அரசியல் தலைவர்கள் மேடையேறினர். சட்டமன்றத் தேர்தலைச் சுட்டிய தீர்மானமும் நிறைவேறிற்று. ஒருபுறம் அரசே சமய மாநாட்டை நடத்துகின்றது. மறுபுறம் சமய மாநாடே தேர்தல் மேடையாகின்றது. எல்லைக்கோட்டை எந்தப் பக்கத்திலிருந்து அழித்தாலும் அழிவது ஒரே கோடுதான்.

திருப்பரங்குன்றம் உணர்த்துவது

இக்கோடு யாரைக் காக்கின்றது என்பதை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருப்பரங்குன்றத்தின் அடிவாரத்தில் முருகன் திருக்கோயில். உச்சியில் சிக்கந்தர் பாதுஷா தர்கா. மலை யாருக்கு உரியது என்ற வழக்கில் 1923இல் மதுரை சார்பு நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1931இல் அத்தீர்ப்பே நிலைபெற்றது. மலை கோயிலுக்குரியது, நெல்லித்தோப்பும், தர்காவுக்குச் செல்லும் படிகளும், உச்சியிலுள்ள பள்ளிவாசலும் கொடிமரமும் முஸ்லிம்களுக்குரியவை என்பது அதன் சாரம். எவருக்கும் முழு வெற்றியில்லை. எவருக்கும் முழுத் தோல்வியுமில்லை.

அத்தீர்ப்பு எழுந்தது ஆவணங்களின் மீதும் சாட்சியங்களின் மீதும். எத்தரப்பில் வாக்குகள் மிகுதி என்று அங்கு எண்ணிப் பார்க்கப்படவில்லை. தலைகளை எண்ணியிருந்தால் அப்படிகள் நமக்கு மிஞ்சியிருக்குமா? 2025இல் பலியிடுதல் பற்றியும் தீபம் ஏற்றுதல் பற்றியும் அம்மலை மீண்டும் வழக்குகளுக்கும் ஆர்ப்பாட்டங்களுக்கும் உரிய பொருளாயிற்று. அவ்வேளையிலும் நமக்குத் துணையாக நின்றவை பழைய தீர்ப்பின் வரிகளும், தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்த ஊர்மக்களின் நல்லெண்ணமுமே. 1947 ஆகஸ்ட் 15 அன்று வழிபாட்டிடங்கள் கொண்டிருந்த சமயத் தன்மையை மாற்றலாகாது என்னும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி வேட்பாளர் என்ன கருதுகின்றார் என்பதே, அவர் நம் தெருவில் அருந்தும் கஞ்சியைவிட நமக்கு முதன்மையானது.

சலுகையும் உரிமையும்

இந்த இடத்தில் நம் பக்கமும் நோக்க வேண்டியிருக்கின்றது. தமிழ்நாட்டில் 2001 முதல் நோன்புக் கஞ்சிக்கு அரசு அரிசி வழங்கிவருவதை நாமறிவோம். உலமாக்களுக்கு ஓய்வூதியமும், 2009இல் தனி நல வாரியமும் கிடைத்தன. கிறித்தவப் பெருமக்களுக்கு எருசலேம் பயணத்திற்கும், இந்துப் பெருமக்களுக்கு மானசரோவர், முக்திநாத் பயணங்களுக்கும் உதவி வழங்கப்பட்டது. இவற்றைப் பெற்றோரை நாம் பழிக்கவில்லை. ஏழை உலமாவின் முதுமைக்கு உதவுவது மனிதநேயம். ஆனால், தருகின்ற கை நிறுத்தவும் கூடும் என்பதை மறக்கலாகாது.

ஹஜ் மானியம் இதற்கு நல்ல பாடம். பத்தாண்டுகளில் படிப்படியாக அதனை நிறுத்துமாறு 2012 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வசதி பெற்றோர் மீதே ஹஜ் கடமை என்னும் மார்க்க நெறியை நீதிபதிகள் அத்தீர்ப்பிலேயே சுட்டினர். 2018 சனவரியில் நடுவணரசு மானியத்தை முற்றாக நிறுத்தியது. அவ்வாண்டு மானியமின்றியே 1,75,025 பேர் இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்றனர். வழிபாடு அரசின் கருவூலத்தை நம்பி நிற்கவில்லை என்பது தெளிவாயிற்று.

மாறாக, 2007இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு, கல்வியிலும் வேலையிலும் பின்தங்கியோரை முன்னேற்றும் நோக்குடையது. அது தொழுகைக்குத் தரும் பணமன்று. குடிமக்களின் சம வாய்ப்புக்கு வழி. எனவே வேட்பாளரிடம் மினாராவுக்கு நிதி கேட்பதற்கு முன்னர், நம் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரியும் உதவித்தொகையும், நம் தெருவுக்குக் கழிவுநீர் வாய்க்காலும் கேட்பதே அறிவுடைமை. அது பக்கத்துத் தெருவினருக்கும் பயன்படும்.

2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டமும் இதையே உணர்த்துகின்றது. வக்ஃபு வாரியங்களில் முஸ்லிமல்லாதோருக்கு இடமளித்தது அச்சட்டம். நம் மாநிலத்தின் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டமோ, துறையின் ஆணையர் முதலான அலுவலர்கள் இந்து சமயத்தைச் சேர்ந்தோராக இருத்தல் வேண்டும் என்கின்றது. கோயில்களிலிருந்து அரசு வெளியேற வேண்டும் என்று கூறுகின்றவரே, வக்ஃபில் அரசு மேலும் உள்ளே வரவேண்டும் என்றும் கூறினால், அதனை ஒரே அளவுகோல் என்று எவ்வாறு ஏற்பது? 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தன் இடைக்கால ஆணையில், ஐந்தாண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியவரே வக்ஃபு செய்யலாம் என்ற விதியையும், மாவட்ட ஆட்சியருக்குத் தரப்பட்ட சில அதிகாரங்களையும் நிறுத்திவைத்தது. மாநில வாரியத்தின் பதினொருவரில் முஸ்லிமல்லாதோர் மூவருக்கு மேல் இருத்தலாகாது என்றும் கூறிற்று. அங்கும் நாம் சலுகை கோரி நிற்கவில்லை. சமநிலையைக் கோரியே நின்றோம்.

மார்க்கப் பற்றுடையோர் எழுப்பும் ஐயம்

"தீனையும் துன்யாவையும் பிரிக்காத மார்க்கம் நம்முடையது. அவ்வாறிருக்க, சமயத்தை அரசிலிருந்து பிரிக்குமாறு ஒரு முஸ்லிம் கேட்கலாமா?" என்று நம் இளைஞர்களில் சிலர் வினவுகின்றனர். நேர்மையான கேள்வி இது. நேர்மையாகவே விடையளித்தல் வேண்டும். நம் மனச்சான்றை நம் வாழ்விலிருந்து பிரிக்குமாறு அரசமைப்பு கேட்கவில்லை. வாய்மையும் நீதியும் அமானிதம் பேணுதலும் நம் அரசியலிலும் இருத்தல் வேண்டும். ஆட்சியதிகாரம் ஒரு சமயத்தின் கையிலுள்ள கோலாக மாறலாகாது என்பதே கோரிக்கை. பல சமயத்தார் கூடிவாழும் ஊரில் அவரவர் மார்க்கம் அவரவர்க்கே என்னும் உடன்படிக்கையை மதீனாவில் செய்துகொண்ட நபிகளார் (ஸல்) அவர்களின் முன்மாதிரி நம் முன்னே இருக்கின்றது.

கண்ணியமிகு காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் வாழ்வையும் எண்ணிப் பாருங்கள். அரசியல் நிர்ணய சபையில் முஸ்லிம்களுக்குரிய தேர்தல் பாதுகாப்புகள் நீடிக்க வேண்டுமென்று அவர்கள் வாதாடினார்கள். 1949 மே மாதம் சபை சமய அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் கைவிட்டது. பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே அம்முடிவை வரவேற்றுப் பேசினர். காயிதெ மில்லத் அவர்களோ பொதுத் தொகுதி முறைக்குள் நின்று 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மஞ்சேரியில் வென்றார்கள். இராமநாதபுரத்தில் 2019இலும் 2024இலும் இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் நவாஸ்கனி வெற்றி பெற்றார். அங்கு முஸ்லிம்கள் சிறுபான்மையினரே. அனைத்துச் சமயத்தாரும் வாக்களிக்காமல் அவ்வெற்றி கைகூடியிராது.

உலக வரலாற்றிலும் சிறுபான்மையினரே இக்கோட்டை உரத்த குரலில் கேட்டிருக்கின்றனர். 1960 செப்டம்பர் 12 அன்று, கத்தோலிக்கரான ஜான் கென்னடி, ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டண்ட் போதகர்களின் முன்னிலையில், தேவாலயமும் அரசும் முற்றாகப் பிரிந்திருக்கும் நாட்டையே தாம் நம்புவதாக உரைத்தார். போப்பாண்டவரின் ஆணைக்குக் கட்டுப்படுவார் என்ற ஐயத்தை எதிர்கொண்டவருக்கு அக்கோடே கேடயமாயிற்று. அண்டை நாடான இலங்கையில் 1972ஆம் ஆண்டு அரசமைப்பு பௌத்தத்திற்கு முதன்மையான இடத்தை வழங்கியது. 1978ஆம் ஆண்டு அரசமைப்பும் அதையே தொடர்ந்தது. தமிழரும் முஸ்லிம்களும் அங்கு எதிர்கொண்ட இடர்களை நாம் அறிவோம்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஆகவே, இனி நம் தெருவுக்கு வரும் வேட்பாளர் எக்கட்சியினராயினும், எச்சமயத்தவராயினும், முஸ்லிமேயாயினும், பின்வரும் ஐந்தையும் கேட்போமாக.

1. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகிய மூன்றின் சொத்துக்கும் நிர்வாகத்திற்கும் ஒரே அளவுகோலை ஆதரிப்பீரா?

2. பொதுமக்கள் பணத்தை வழிபாட்டிற்குச் செலவிடுவீரா, வழிபடும் மக்களின் கல்விக்கும் நலத்திற்கும் செலவிடுவீரா?

3. வழிபாட்டிடம் பற்றிய பூசல் எழுந்தால் ஆவணத்தின் பக்கம் நிற்பீரா, கூட்டத்தின் பக்கம் நிற்பீரா?

4. இதற்கு முன் நீரோ உம் கட்சியோ அவையில் எவ்வாறு வாக்களித்தீர்?

5. எங்கள் தெருவில் இன்று பேசியதை அடுத்த தெருவிலும் அப்படியே பேசுவீரா?

ஐந்தாவது கேள்வியே உரைகல். நம்மிடம் ஒன்றும் பிறரிடம் வேறொன்றும் பேசுபவர், நமக்களித்த வாக்கை எவ்வேளையிலும் கைவிடக் கூடியவரே.

நம் ஜமாஅத்தின் பங்கு

பிறரிடம் கேட்பதை நாமும் கடைப்பிடித்தல் வேண்டும். சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டம், வழிபாட்டிடங்களை அரசியல் பணிக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். பொறுப்பு முத்தவல்லியையும் நிர்வாகிகளையும் சாரும். தேர்தல் நடத்தை விதிகளும் வழிபாட்டிடங்களைப் பரப்புரை மேடையாக்கலாகாது என்கின்றன. இச்சட்டம் இல்லாவிடினும் நமக்கு ஒரு காரணம் போதும்: இறைவனின் இல்லத்தில் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்போர் பல கட்சியினர். மிம்பரிலிருந்து ஒரு சின்னத்தின் பெயர் ஒலித்தால் அவ்வரிசையில் விரிசல் விழும்.

எனவே இப்பொதுக்குழுவின் பரிசீலனைக்கு நான்கு கருத்துகளை முன்வைக்கின்றோம். முதலாவது, ஜும்ஆ மேடையிலோ பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலோ எந்த வேட்பாளருக்கும் ஆதரவோ எதிர்ப்போ கூறலாகாது. இரண்டாவது, தேர்தல் அறிவிக்கப்பட்ட நாள் முதல் முடிவு வெளியாகும் வரை, சுற்றுச்சுவருக்கோ பந்தலுக்கோ கஞ்சிக்கோ எந்த வேட்பாளரிடமிருந்தும் நன்கொடை பெறலாகாது. வாக்குக்காகத் தரப்படும் அன்பளிப்பு சட்டத்தின் கண்ணில் கையூட்டு, மார்க்கத்தின் கண்ணிலும் அதுவே. மூன்றாவது, ஜமாஅத்தின் பெயரால் இத்தனை வாக்குகள் தருகின்றோம் என்று எவரும் எவரிடமும் பேரம் பேசலாகாது. வாக்கு ஒவ்வொருவரின் அமானிதம். நம் வீட்டுப் பெண்களின் வாக்கும் அவர்களுடைய அமானிதமே. நான்காவது, வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டோருக்கு உதவும் பணியை, சமய வேறுபாடின்றி நம் பகுதி மக்கள் அனைவருக்கும் செய்தல் வேண்டும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய தீவிரத் திருத்தப் பணியின்போது இதன் தேவையை நாம் அனைவரும் உணர்ந்தோம்.

பெருமக்களே! வலிமையுடையோர் சலுகையை விரும்பலாம்; சலுகையை வழங்கும் கோல் அவர்கள் கையிலேயே இருக்கும். எண்ணிக்கையில் குறைந்தோருக்கு நடுநிலை தவறாத அரசே அரண். நம்மை நேசிப்பதாகக் கூறும் வேட்பாளர் கிடைத்தால் மகிழ்வோம். அவர் இல்லாத நாளிலும் நமக்கும் நம் அண்டை வீட்டாருக்கும் நீதி கிடைக்கும் ஏற்பாட்டைக் காக்கும் வேட்பாளரைத் தேடுவோம்.

நம் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அமைதி நிலைக்கவும், நீதியாளர்கள் பொறுப்புக்கு வரவும், நம் ஜமாஅத்தின் ஒற்றுமை நீடிக்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.